சிவப்பு வலது, நீலம் இடது

6 ஜூன் 2023, செவ்வாய்

மதுரை மருத்துவமனையில் ஒரு தாள் கொடுத்தார்கள். தலைசுற்றல் எத்தனை முறை, வாந்தி உண்டா, தலைவலி எந்தப் பக்கம் என்று தினமும் குறித்துவர வேண்டுமாம். கட்டங்கள் பத்து நாளுக்குத்தான் இருந்தன. எனக்குக் கட்டத்துக்குள் அடங்காத விஷயங்களும் எழுத வேண்டியிருப்பதால் இந்த நோட்டை வாங்கினேன்.

மரகதம்: தலைசுற்றல் இரண்டு முறை. வாந்தி இல்லை. இடது கன்னம் மரத்த மாதிரி இருக்கிறது என்கிறாள்.

போன வாரம் என் மனைவி மரகதம் சமையலறையில் விழுந்தாள். கையில் இருந்த சாம்பார் கிண்ணம் தெறித்துக் காலில் கொப்புளம். அவள் தம்பி சிங்காரவேல் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மதுரைக்கு அழைத்துப்போனான். ராஜபாளையத்தில் செவித்திறன் பரிசோதனை மையம் வைத்திருக்கிறவன் நான். தலைசுற்றலுக்கும் காதுக்கும் உள்ள சம்பந்தம் அந்த ஹார்டுவேர் கடைக்காரனுக்கு என்ன தெரியும்? அவன் கேட்கவில்லை. அந்தக் குடும்பத்தில் யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை.

ஸ்கேன் வியாழக்கிழமை.

8 ஜூன், வியாழன்

ஸ்கேன் அறைக்குள் உலோகம் எதுவும் போகக் கூடாது. தாலியை மஞ்சள் கயிற்றில் கட்டியிருந்ததால் தங்கத்தை மட்டும் உருவிக்கொண்டாள். மெட்டி வந்துவிட்டது. தோடு வரவில்லை.

ஏழு கல் தோடு. கல்யாணத்துக்கு அவள் அம்மா போட்டது. சுமங்கலி காது மூளியாக இருக்கக் கூடாது என்று சொல்லிப் போட்டாளாம். இருபத்தைந்து வருடத்தில் இவள் கழற்றி நான் பார்த்ததில்லை. திருகு இறுகிக் கிடந்தது. கேன்டீனில் தேங்காய் எண்ணெய் வாங்கி வந்து சொட்டுச் சொட்டாக விட்டு, என் கைக்குட்டையால் பிடித்துத் திருகினேன். வலது தோடு வந்தது. இடதுக்கு இருபது நிமிடம்.

"சார், மெதுவா. கல்லு தெறிச்சா எங்களைத்தான் சொல்வீங்க" என்றாள் நர்ஸ்.

"வலிக்குதா?" என்று கேட்டேன். மரகதம் பதில் சொல்லவில்லை. இடது பக்கம் நின்று கேட்டிருந்தேன்.

ஸ்கேன் இயந்திரத்தின் சத்தத்துக்கு ஹெட்போன் மாட்டினார்கள். மாட்டியவர் தலைமுடியை ஒதுக்கவில்லை. இடது மெத்தை காதின் மேல்பாதியில் உட்கார்ந்திருந்தது, காது மடல் கீழே மடிந்து நசுங்கியது. அரை மணி நேரம் அப்படியே இருந்தால் காது கன்றிப்போகும். நான் உள்ளே போய்ச் சரிசெய்யப் பார்த்தேன்.

"சார், நீங்க வெளிய இருங்க. எங்களுக்குத் தெரியும்."

அவருக்கு என்ன தெரியும்? இருபத்தெட்டு வருடமாக இதுதான் என் வேலை. முதலில் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்க வேண்டும். பட்டையை முழுதாக இழுத்துவிட்டு, ஒலி வரும் நடுப்புள்ளி காதுத் துளைக்கு நேராக வரும்படி இரண்டு மெத்தைகளையும் ஒரே சமயத்தில் வைத்து, அப்புறம் பட்டையை உச்சந்தலைக்கு இறக்க வேண்டும். இறுக்கினால் வலிக்கும், தளர்ந்தால் ஒலி கசியும். சிவப்பு வலது, நீலம் இடது. போட்டுக்கொள்பவர் கையில் ஒருபோதும் கொடுக்கக் கூடாது. நீங்களே மாட்டிவிட வேண்டும். விரல் அகலம் நகர்ந்தாலும் உச்ச ஸ்தாயி ஒலிகள் காதுக்குப் போகாது, கேட்கிற மனிதன் கேட்காதவன்போலத் தெரிவான்.

தோடுகள் என் சட்டைப் பையில் இருக்கின்றன. எண்ணெய்ப் பிசுக்கு சட்டையில் ஊறிவிட்டது.

9 ஜூன், வெள்ளி

இடது காது நரம்பில் கட்டி. நாலு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. புற்று இல்லை என்பதை முதலில் சொன்னார் சர்ஜன். மூளைத்தண்டை அழுத்துகிறது, எடுத்தே ஆக வேண்டும் என்பதை அப்புறம் சொன்னார்.

"இது மெதுவா வளர்ற கட்டி. காதுதான் முதல்ல காட்டிக்கொடுக்கும். காது கேக்குறது குறைஞ்சிருக்குமே? எப்பவாவது டெஸ்ட் எடுத்தீங்களா?"

"அத்தானுக்கு அதான சார் தொழிலே" என்றான் சிங்காரவேல்.

சர்ஜன் என்னைப் பார்த்தார். "பெரிதாக ஒன்றும் தெரியவில்லை" என்றேன். அது பொய்யில்லை.

11 ஜூன், ஞாயிறு

மரகதம்: தலைசுற்றல் மூன்று முறை. தலைவலி இடப்பக்கம், பின்மண்டை. வாந்தி ஒன்று.

மோட்டார் போட்டேன். கேஸ் சிலிண்டருக்குப் பதிவுசெய்தேன். சோறு குழைந்துவிட்டது.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் சண்டைகளுக்கு நடுவே புகுந்து பேச்சை மாற்ற யாரும் இல்லை, போட்ட சண்டையெல்லாம் அப்படியே கிடக்கிறது. நாலு வருடத்துக்கு முன் இவள் காரணம் சொல்லாமல் கட்டிலில் இடம் மாற்றிக்கொண்டாள். கல்யாணமானதிலிருந்து சுவர்ப் பக்கம் படுத்தவள், ஒரு நாள் வந்து, "நீங்க அங்க படுங்க" என்றாள். வீம்பு என்று எடுத்துக்கொண்டேன். நான்கு வருடம் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறேன்.

14 ஜூன், புதன்

சிங்காரவேல் வந்தான். காபியைத் தொடாமல் ஒரு விஷயத்தைச் சொன்னான். இரண்டு வருடம் முன்பு, எனக்குத் தெரியாமல், அக்காளை டாக்டர் மகாலிங்கத்திடம் தலைசுற்றலுக்குக் காட்டியிருக்கிறான்.

"உங்களுக்கும் அவருக்கும் ஆகாதுன்னு அக்கா சொல்ல வேணாம்னுச்சு. அந்த ஆளு மாத்திரையை எழுதிக்கொடுத்து அனுப்பிட்டான் அத்தான். ஒரு ஸ்கேன் எழுதல. அன்னைக்கே எழுதியிருந்தா? சும்மா விடக் கூடாது."

மகாலிங்கம் இந்த ஊரின் காது மூக்கு தொண்டை டாக்டர். நான் முதுகலை முடித்து வந்த புதிதில் அவருடைய கிளினிக்கில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். ஒரு நாள், பதினைந்து நோயாளிகள் உட்கார்ந்திருக்க, வாசலில் நின்று, "அந்த மெஷின்காரரக் கூப்பிடு" என்றார். பெயர் சொல்லவில்லை, என் படிப்பைச் சொல்லவில்லை. மெஷின்காரர். அந்த மாதமே வெளியே வந்து தனியாக மையம் வைத்தேன். பத்தொன்பது வருடமாக ஒரு நோயாளியைக்கூட அவரிடம் அனுப்பியதில்லை. டாக்டர் பார்க்க வேண்டியவர்களைச் சிவகாசிக்கு அனுப்புவேன். அறுபது வயதுக்காரர்கள் இரண்டு பஸ் மாறிப் போவார்கள்.

"புகார் எழுதணும்னா நான் எழுதித் தர்றேன்" என்றேன் சிங்காரவேலிடம்.

நான்கு பக்கம் எழுதினேன். நீண்ட நாளுக்குப் பிறகு கை தடையில்லாமல் ஓடியது.

17 ஜூன், சனி

மகாலிங்கத்தின் கிளினிக்குக்குப் போனோம். சிங்காரவேல், அவன் கடை ஆட்கள் இருவர், நான். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு அந்தப் படி ஏறினேன். நாற்காலிகள் மாறியிருக்கின்றன. ஆள் தளர்ந்திருக்கிறார்.

"எங்க அக்கா உசுரோட விளையாடியிருக்கீங்க டாக்டர்" என்று சிங்காரவேல் மேஜையைத் தட்டினான். "காதுல கட்டி. நாலு சென்டிமீட்டர். நீங்க மாத்திரை குடுத்து அனுப்பினீங்க."

மகாலிங்கம் எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு அட்டையை எடுத்து வந்தார். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு படித்தார்.

"உங்க அக்காகிட்ட முதல் கேள்வியே காது டெஸ்ட் எடுத்திருக்கான்னுதான் கேட்டிருக்கேன். 'கணவர் பரிசோதித்துள்ளார், குறை இல்லை'ன்னு எழுதியிருக்கு, பாருங்க. குறை இருந்திருந்தா ஸ்கேன் எழுதியிருப்பேன். இல்லைன்னதால எழுதல."

"அக்கா சொன்னா நம்பிருவீங்களா? நீங்க ஒருதரம் எடுத்துப் பாக்க வேணாமா?"

அவர் சிங்காரவேலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"பூமிநாதன், நீங்க மாட்டிவிட்ட ஹெட்போனை நான் சந்தேகப்பட்டதே இல்ல. இந்த ஜில்லாவுல வேற யார் எடுத்திருந்தாலும் திரும்ப எடுத்திருப்பேன்."

பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்.

நாங்கள் திரும்பி வந்தோம். காரில் சிங்காரவேல் கேட்டான்: "அத்தான், நீங்க எடுத்த ரிப்போர்ட் இருக்கா?"

"தேடணும்" என்றேன்.

18 ஜூன், ஞாயிறு

மரகதம்: தலைசுற்றல் நான்கு முறை. ரிப்போர்ட்டைத் தேடவில்லை. எங்கே இருக்கிறது என்று தெரியும்.

20 ஜூன், செவ்வாய்

எடுத்தேன். இரும்பு அலமாரி, மேல் தட்டு. 15 நவம்பர் 2019, வெள்ளிக்கிழமை.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். முந்தின நாள் சிங்காரவேல் வீட்டு விசேஷம். பந்தியில் நான் மூன்று முறை, "மரகதம், மரகதம்" என்று கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. என் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "பூமிநாதன் ஊர்க்காதையெல்லாம் பாப்பாரு, வீட்டுக்காது அவரு பேச்சைக் கேக்காது" என்று ஒரு கிழவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். சிங்காரவேலும் சிரித்தான்.

பல மாதமாகவே அப்படித்தான். ஒன்றுக்கு மூன்று முறை, "என்ன?" என்பாள். எனக்கு இது புதிதில்லை. இங்குள்ள நூற்பாலைகளில் இயந்திரச் சத்தத்தால் காது போனவர்களுக்கு நஷ்டஈடு உண்டு. அதற்காகக் கேட்காததுபோல நடிப்பவர்களும் உண்டு. அவர்களைக் கண்டுபிடிப்பதில் எனக்குப் பெயர் உண்டு. நடிப்பவர்கள் ஒலியைக் கவனிக்க மாட்டார்கள். எப்போது விரலைத் தூக்கலாம், எப்போது தூக்காமல் இருக்கலாம் என்று என் தோளைப் பார்ப்பார்கள், ஒலி கொடுக்கும் பொத்தானை நான் அழுத்தும்போது தோள் அசையும். அதனால்தான் நாற்காலியை எப்போதும் பக்கவாட்டில் திருப்பிப் போடுவேன். இத்தனை வருடம் பொய்க்காதுகளைப் பிடித்தவனை வீட்டில் ஒருத்தி ஏமாற்ற முடியுமா?

மறுநாள் அவளை மையத்துக்கு அழைத்துப்போனேன். கேட்கிறதா என்று பார்க்க இல்லை. கேட்கிறது என்று நிரூபிக்க.

"தோட்டக் கழட்டு."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமாக் காதை மூளியாக்கச் சொல்றீகளா? மாட்டேன்."

"தோடு இருந்தா ஹெட்போன் உக்காராது."

"உக்கார்ற வரைக்கும் உக்காரட்டும்."

கோபத்தில் தோட்டின் மேலேயே மாட்டினேன். ஆயிரக்கணக்கான ஆலைத் தொழிலாளிகளுக்குச் செய்யாத தவறு. வலதுகாதுக் கோடு மேலே நேராக ஓடியது. இடதுகாதுக் கோடு பாதி தூரம் போய்ச் சரிந்து கீழே இறங்கியது. கோடு இறங்கினால் கேட்கும் திறன் குறைவு. அதன் கீழே என் கையெழுத்தில் இருக்கிறது: 'தோட்டினால் ஹெட்போன் சரியாக அமரவில்லை. மறுபரிசோதனை தேவை.'

தொழில்முறைப்படி சரியான குறிப்பு. யார் பார்த்தாலும் ஒப்புக்கொள்வார்கள்.

அவள் ஹெட்போனைத் தானே கழற்றி வைத்தாள். "என்னங்க, ஒரு கோடு இறங்குது?" என்று கேட்டாள்.

"அது தோடு பண்ற வேலை. உனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. மனசுதான் கேக்க மாட்டேங்குது."

மறுபரிசோதனை நடக்கவில்லை. முதலில் நாங்கள் இரண்டு மாதம் பேசிக்கொள்ளவில்லை. அப்புறம் கொரோனா வந்தது. ஒரு பக்கம் மட்டும் கோடு இறங்கினால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்பது இந்தப் படிப்பின் முதல் வருடப் பாடம். அன்று அவளை அனுப்பியிருக்கலாம். பக்கத்தில் இருந்தவர் மகாலிங்கம்.

23 ஜூன், வெள்ளி

புகாரின் நான்கு பக்கத்தையும் சிங்காரவேல் டைப் செய்து அனுப்பியிருக்கிறான். எழுத்துப்பிழை பார்க்கச் சொல்கிறான். பார்த்தேன். பிழை இல்லை.

27 ஜூன், செவ்வாய்

மருத்துவமனையில் சேர்த்தாகிவிட்டது. நாளை காலை ஏழு மணிக்கு அறுவை சிகிச்சை. இடது காதுக்குப் பின்னால் முடியை மழித்துவிட்டார்கள்.

சாயங்காலம் அவள் கட்டிலின் இடது பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"இந்தப் பக்கம் வாங்க" என்றாள். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்தேன்.

"சொன்னா கோவிச்சுக்க மாட்டீகளே?"

"சொல்லு."

"கட்டில்ல எடம் மாத்தினேன்ல, அது இதுக்குத்தான். நீங்க அந்தப் பக்கம் படுத்தா என்ன பேசினாலும் காதுல விழாது. விழலைன்னா கோவம் வரும் உங்களுக்கு. அதான் நல்ல காது உங்க பக்கம் இருக்கட்டும்னு."

ஸ்டூலை இன்னும் கொஞ்சம் அருகே நகர்த்தினேன்.

"ரோட்டுல நடந்தாலும் உங்களுக்கு இடப்பக்கமா வந்திருவேன். பாத்ததில்லையா? எம்புட்டுப் படிச்சீக, இதப் பாக்கலையே" என்று சிரித்தாள். வாய் ஒரு பக்கமாகத்தான் சிரித்தது.

"மரகதம், அன்னைக்கு ஒரு கோடு இறங்குச்சுல்ல…"

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"தோடுன்னு நீங்க சொன்னப்பவே தெரியும். திரும்ப எடுக்கச் சொன்னா உங்களுக்குத் தப்பாப் போச்சுன்னு ஆயிருமே. அதான் கேக்கல. அந்த டாக்டர் கேட்டப்பவும் நல்லாருக்குன்னுட்டேன். நீங்க பாத்தத நானே தப்புன்னு சொன்னா நல்லாவா இருக்கும், அவருகிட்டப் போயி?"

நர்ஸ் வந்து, "ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல தண்ணிகூடக் குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

28 ஜூன், புதன்

ஒன்பது மணி நேரம் ஆனது. உயிருக்கு ஆபத்து இல்லை.

அன்று நான் பரிசோதித்தபோது வலது காதிலும் அதே ஏழு கல் தோடுதான் இருந்தது. வலது கோடு இறங்கவில்லை.

5 ஜூலை, புதன்

இடது முகம் தொங்கிவிட்டது. கண் மூடவில்லை. மணிக்கு ஒரு முறை சொட்டு மருந்து, தூங்கும்போது களிம்பு, மேலே பிளாஸ்திரி. முகம் ஓரளவு திரும்பலாம், வருடக்கணக்காகும் என்கிறார்கள். கேட்கும் நரம்பைக் காப்பாற்ற முடியவில்லை.

"நாலு வருஷம் முந்தி வந்திருந்தா பட்டாணி அளவுதான் இருந்திருக்கும்" என்றார் சர்ஜன். என்னைக் குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது.

கஞ்சி ஊட்டினேன். இடது ஓரத்தில் வழிந்தது. துடைத்துவிட்டு, வலது ஓரத்தில் ஊட்டினேன்.

9 ஜூலை, ஞாயிறு

சிங்காரவேலை மருத்துவமனைக்கு வெளியே டீக்கடைக்குக் கூட்டிப்போய் அந்தத் தாளைக் கொடுத்தேன். சிவப்புக் கோடு வலது, நீலக் கோடு இடது என்று விளக்கினேன். இறங்கும் இடத்தைக் காட்டினேன். கீழே எழுதியிருப்பதைப் படித்தான்.

"இதை எதுக்கு அத்தான் இப்பக் காட்டுறீக?"

"புகாரை அனுப்பாதே."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும்."

டீயை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருக்கலாம். "மேல போறேன். அக்காவுக்குக் கண்ணு மருந்து போடுற நேரம்" என்றான். தாளை மடித்து என் பையில் வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

மகாலிங்கத்துக்குப் போன் செய்தேன். தாளில் இருக்கும் எண்களை ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். அவர் கடைசியில், "கண்ணு காஞ்சிராமப் பாத்துக்கங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

19 ஜூலை, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். மையத்தைத் திறக்கவில்லை. தோடுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, மாட்டிவிடட்டுமா என்று கேட்டேன். அப்புறம் பார்க்கலாம் என்றாள். பிறகு அவளே மாட்டிக்கொண்டாள். இடதுகாதில் திருகைப் பொருத்தக் கண்ணாடி முன் கால் மணி நேரம் நின்றாள். உதவி கேட்கவில்லை.

11 ஆகஸ்ட், வெள்ளி

மதுரையில் அடுத்த முறை டாக்டரைப் பார்க்கச் செவித்திறன் பரிசோதனை அறிக்கை வேண்டுமாம். அங்கேயே எடுக்கலாம் என்றார்கள்.

"நீங்களே எடுங்க" என்றாள் மரகதம்.

ஆட்டோவில் அழைத்துப்போனேன். இரண்டு மாதத் தூசி. நாற்காலியைத் துடைத்துப் பக்கவாட்டில் போட்டேன். அப்படி உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது என்றாள். மேஜையைப் பிடித்துக்கொள்ளும்படி எனக்கு நேராகத் திருப்பிப் போட்டேன். விதிப்படி தவறு.

ஹெட்போனை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அவள் இரண்டு தோடுகளையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டிருந்தாள்.

"மரகதம், இன்னைக்கு ஆடி வெள்ளி."

"இருக்கட்டும். இப்ப நல்லா உக்காரும்ல?"

முடியை ஒதுக்கினேன். இடதுகாதுக்குப் பின்னால் தழும்பு இன்னும் சிவந்திருக்கிறது. மெத்தையின் விளிம்பு அதன்மேல் அழுந்தாமல் இருக்கப் பஞ்சை மெல்லிசாகச் சுருட்டி வைத்தேன். பட்டையை முழுதாக இழுத்து, இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் வைத்து, நடுப்புள்ளி துளைக்கு நேராக வந்ததா என்று குனிந்து பார்த்தேன். சிவப்பு வலது, நீலம் இடது.

"இறுக்குதா?"

"இல்ல."

"வலிக்குதா?"

"நல்லா இருக்குங்க."

இதைவிடச் சரியாக நான் யாருக்கும் மாட்டியதில்லை.

எந்தக் காதில் கேட்கிறதோ அந்தக் கையின் விரலைத் தூக்க வேண்டும். வலதுகாது எல்லா ஒலிக்கும் பதில் சொன்னது. பிறகு வலதுகாது உதவிக்கு வராமல் இருக்க அதில் இரைச்சலைக் கொடுத்துவிட்டு, இடதுகாதுக்கு மாற்றினேன். சிறிய ஒலியில் தொடங்கினேன். பதில் இல்லை. ஐந்து ஐந்தாகக் கூட்டினேன். அவள் மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இயந்திரத்தின் கடைசி எண்வரை போனேன். ஆலைத் தொழிலாளிகள் துள்ளி எழும் சத்தம் அது. மரகதத்தின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

தாளில் நீலப் பேனாவால் எழுதினேன்: 'இடது: பதில் இல்லை. ஹெட்போன் சரியாக அமர்ந்துள்ளது.'

எழுதி முடித்ததும் எதிரே இருந்த எழுத்து மங்கியது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். பொத்தானில் என் விரல் இல்லை. அறையில் ஒலி எதுவும் இல்லை.

அவள் என் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் அசைந்ததும் இடது கை விரலைத் தூக்கினாள்.